விரிப்பின் மறுமுனை

இப்போதெல்லாம் எவனும் சட்டையைப் பொத்தான் கழற்றிப் போடுவதில்லை. மேலே இரண்டைத் திறந்துவிட்டுத் தலைவழியே உருவி, உள்புறம் வெளியே வந்த கோலத்திலேயே சுருட்டிப் பையில் திணித்துக் கொண்டுவந்து கொடுக்கிறான். ஊறி இறுகிப்போன பொத்தானை நகம் தேய ஒவ்வொன்றாகக் கழற்றுவது சலவைக்கடைக்காரன் தலையெழுத்து. சட்டைப் பைக்குள் பல் குத்தின குச்சி, கசங்கின டிக்கெட், பாதி சப்பின மிட்டாய். கேட்டால் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கவனிக்கலண்ணே" என்கிறான். தன் உடம்பில் கிடந்த துணிமேலேயே கவனம் இல்லாதவனுக்கு வேறு எதன்மேல் இருக்கும்? உடம்பையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். தலை வலித்தால் ஒரு மாத்திரை, தூக்கம் வராவிட்டால் ஒரு மாத்திரை, முட்டி வலித்தால் ஒரு ஒட்டு. எதையாவது விழுங்கு, எதையாவது ஒட்டு, அடுத்த வேலையைப் பார்.

மடிப்புக்காரர் இதையெல்லாம் தினமும் சொல்வார். சொல்வதற்கு வாய் இருந்தது. கேட்பதற்குத்தான் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் போயிற்று.

அவர் பேர் வேறு. அவர் இஸ்திரி போட்ட கால்சட்டையின் மடிப்பு அடுத்த சலவை வரைக்கும் கத்திபோல நிற்கும் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மடிப்புக்காரர். ஆளும் அப்படித்தான். ஒருமுறை ஒரு பக்கமாக மடங்கிவிட்டால் நிமிர்த்த முடியாது. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு இருந்தார். அதற்குள் அப்பா கூப்பிட்டுக் கடையில் துணிக்குப் போடும் கஞ்சித்தொட்டி பக்கத்தில் நிறுத்திவிட்டார். எழுதி வைத்த எதையும் அவர் நம்புவதில்லை. சோப்புத்தூள் அட்டையில் போட்டிருப்பதை நம்பி ஒரு பட்டுச் சட்டையைப் பாழாக்கியதிலிருந்து அந்தப் பழக்கம்.

கடை என்பது தெருவைப் பார்த்த ஒரு முன்னறை, நடுவில் இஸ்திரி அறை, பின்னால் துவைக்கிற முற்றம், மாடியில் வீடு. முன்னறையில் துணி வாங்கிக் கொடுக்கும் பலகை. இஸ்திரி அறையில் பாய்லரும், அதிலிருந்து குழாய்வழி ஆவி ஏறுகிற இரண்டு இஸ்திரிப் பெட்டிகளும், பழைய கம்பளி விரித்து அதன்மேல் வெள்ளைத் துணி இழுத்துக் கட்டிய அகலமான மேசையும். மேசைக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் அவர் மனைவி. மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன காலம் முழுக்க அப்படித்தான் நின்றார்கள்.

வருமானம் பெரும்பாலும் விரிப்பில்தான். பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிற லாட்ஜிலிருந்து வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்பு வரும். சட்டையை ஒருவர் மடிக்கலாம். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு உதறு உதற வேண்டும். பட்டென்று சத்தம் வந்தால்தான் சுருக்கம் போனதாக அர்த்தம். பிறகு பின்னால் சாய்ந்து இறுக்க இழுக்க வேண்டும். அதன்பின் அவள் தன் முனைகளோடு எதிரில் நடந்து வந்து அவர் கையில் சேர்ப்பாள். கீழே தொங்குகிற மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி வருவாள். அந்த வரும் போகும் நேரத்தில்தான் அந்த வீட்டுப் பேச்செல்லாம் நடந்தது. ஒரு தடவை வரும்போது ஒரு வார்த்தை சொல்வாள். போய்த் திரும்புகிறவரைக்கும் அவர் யோசிப்பார். அடுத்த தடவை வரும்போது பதில் சொல்வார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அப்படித்தான்.

"பையன் கொஞ்சம் குள்ளம்," என்று வந்தாள்.

"நம்ம பொண்ணு மட்டும் பனமரமா," என்று அடுத்த விரிப்பில் சொன்னார். முடிந்தது.

அவளுக்கு உடம்பில் அந்தச் சூடு வந்த முதல் நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலைவேளை. மழை விட்டுத் தெருவெல்லாம் குளிர்ந்து கிடந்தது. அவள் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுமடல் வரைக்கும் போயிற்று. நெற்றியில் வேர்வை கொப்பளித்தது.

"பாய்லரக் கொஞ்சம் குறைங்களேன். மூச்சு முட்டுது."

"பாய்லர இன்னும் பத்தவே வைக்கல."

"பின்ன எங்கிருந்து வருது இவ்வளவு சூடு?"

"என்னையக் கேட்டா?"

அவள் விரிப்பை அப்படியே தரையில் விட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்க் குழாயடியில் குனிந்து நின்றாள். துவைத்த விரிப்பைத் தரையில் போடுகிற ஆள் அவள் இல்லை. அவருக்குக் கோபம் வந்தது. பிறகு அவள் முதுகைப் பார்த்தார். ரவிக்கை முழுக்க நனைந்து முதுகெலும்பு தெரிந்தது. குழாய்த் தண்ணீர் முதுகில் படவே இல்லை.

மாதாமாதம் வருவது நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது நின்றால் பெண்களுக்குச் சனி விட்டதென்றுதான் அவர் நினைத்திருந்தார். இப்போது நாளுக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை உள்ளேயிருந்து குப்பென்று சூடு கிளம்பி முகத்தில் வந்து அடித்தது. அடங்கினதும் குளிர் நடுக்கியது. போர்வையை எடுப்பாள், எறிவாள், எடுப்பாள். அவர் தூக்கம் கெடுகிறது என்று அவளே கட்டிலைத் தூக்கி மாடி முன்னறை ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். அவர் தூக்கம் அதன் பிறகுதான் கெட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சூடான எதையும் குடிக்க முடியாமல் போயிற்று அவளுக்கு. ஆவி பறக்கப் பறக்கத் தேநீர் குடிக்கிறவள், இப்போது ஒரு மிடறு உள்ளே போனால் போதும், விசிறியைத் தேடினாள். மடிப்புக்காரர் அவளுடைய டம்ளரைத் தினமும் ஜன்னல் விளிம்பில் கொண்டுபோய் வைத்தார். ஆறினதும் அவளே எடுத்துக் குடித்துக்கொள்வாள். யார் வைத்தது என்று அவளும் கேட்கவில்லை.

இஸ்திரி அறைக்குள் அவளால் நிற்க முடியவில்லை. முன்னறைப் பலகைக்குப் போனாள். அங்கே மேசை விசிறியைக் கழுத்துக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விரிப்புகள் குவிந்தன. அவர் ஒருநாள் ஆணி அடித்துச் சுவரில் இரண்டு இரும்புக் கிளிப்புகளை மாட்டினார். விரிப்பின் இரண்டு முனையைக் கிளிப்பில் கவ்வவிட்டு, மற்ற இரண்டைப் பிடித்து இழுத்து, தானே சுவர்வரைக்கும் நடந்துபோய்ச் சேர்த்து, தானே குனிந்து, தானே பின்னால் வந்தார். மடிப்பு சுத்தமாகத்தான் வந்தது. பேச்சு வரவில்லை.

பக்கத்துக் கடைத் தையல்காரி பட்டன் வைக்கிற சட்டையை வாங்க வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, அண்ணிய விட்டுட்டுச் சுவரக் கட்டிக்கிட்டீங்க போல."

"சுவரு எதிர்த்துப் பேசாது. போய் உன் மிஷின மிதி."

"அதான் உங்க மூஞ்சியும் காரை பேந்த சுவராட்டம் ஆயிடுச்சு. அண்ணி எப்படி இருக்காங்கன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கேட்டா சூடுங்கறா. அடுத்த நிமிஷம் குளிருதுங்கறா. நான் எந்த ஜன்னலத் திறக்கறது, எதச் சாத்தறது?"

"நீங்க வாயச் சாத்துங்க. நான் லேடி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டு போயும்விட்டாள். கட்டின புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பெண்களும் சாயங்காலம் திரும்பி வந்தபோது மனைவி கையில் ஒரு தட்டை டப்பா இருந்தது. உள்ளே கண்ணாடித்தாள் போல ஒரு துண்டு. கட்டைவிரலால் மறைத்துவிடலாம்.

"என்ன இது?"

"ஹார்மோனு. அடிவயித்துல ஒட்டிக்கணுமாம். வாரத்துக்கு ரெண்டு தடவ மாத்தணும். தோல் வழியா மருந்து உள்ள இறங்குமாம். ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் உண்டு. அது கர்ப்பப்பைக்குக் காவல்னு சொன்னாங்க."

"தோல் வழியா வேர்வ வெளிய வரும். உள்ள எதுவும் போகாது. போகும்னா, இத்தன வருஷம் கஞ்சித்தொட்டியில கைய விட்டுக்கிட்டு இருந்ததுக்கு எனக்கு வயிறு நெறஞ்சிருக்கணும்."

"உங்களுக்கு வயிறு நெறஞ்சு நான் பாத்ததே இல்ல."

"பஞ்சர் ஒட்டுறவன் கூட மொதல்ல ஓட்டை எங்கன்னு தண்ணியில முக்கிப் பாப்பான். இவங்க பாக்காமலே ஒட்டுறாங்க."

"பாத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க, மார்ப ஸ்கேன் பண்ணாங்க, வீட்ல யாருக்காவது புத்து இருந்துச்சா, காலுல ரத்தம் கட்டுச்சான்னு எங்க பாட்டி காலத்துக் கதையெல்லாம் கேட்டாங்க. நீங்க என்னைக்காவது இவ்வளவு கேட்டிருக்கீங்களா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாலு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. திருப்தி என்று வெளியே சொல்லிக்கொண்டார். பிறகு ஒருநாள் காலை கண் விழித்தபோது மாடி முன்னறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தார். போர்வை கழுத்துவரைக்கும் இருந்தது. வாய் லேசாகத் திறந்து, மேலே விழுந்த வெயில்கூடத் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடை திறக்கத் தாமதமாயிற்று. ஏன் எழுப்பவில்லை என்று அவள் கேட்டதற்கு, "நான் என்ன சேவலா?" என்றார்.

அந்த வாரத்திலேயே அவள் இஸ்திரி அறைக்குள் வந்தாள். சுவர்க் கிளிப்பிலிருந்து விரிப்பை விடுவித்து முனைகளைப் பிடித்தாள். உதறினார்கள். பட்டென்று சத்தம் வந்தது. நடந்து வந்து அவர் கையில் முனையைக் கொடுத்தாள். விரல்மேல் விரல் பட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

அவர் அடுத்த தடவைவரைக்கும் யோசித்தார். "இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குது. அதான்," என்றார்.

அவள் சிரித்தபடி பின்னால் போனாள். இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. அந்த இரண்டு வாரமும் மடிப்புக்காரர் துணியோடு வந்தவர்களைத் திட்டியது குறைவு என்று தையல்காரி பிறகு சொன்னாள்.

சூடு திரும்பி வந்தது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு பழையபடி. ஒருநாள் இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்போதே வந்தது. பெட்டியைச் சரியாக நிறுத்தாமல் விட்டதில் ஒரு தலையணை உறை கருகிற்று. அவள் கருகின உறையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முன்னறைக்குப் போய் விசிறி முன்னால் உட்கார்ந்தாள். அழவில்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் வாசற்படியில் நின்று. சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்றிருந்தது. சொன்னதை மடித்து உள்ளே வைக்க முடியாது.

அவள் தங்கச்சி மலைப்பக்கம் ஒரு குளிர்ந்த ஊரில் இருந்தாள். பள்ளி விடுதியில் சமையல் மேற்பார்வை. புருஷன் போய்ச் சேர்ந்து தனியாகத்தான் இருந்தாள். வெகுகாலமாகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் போனில் பேசியது இஸ்திரி அறைவரைக்கும் கேட்டது.

"ஆமாண்டி, வர்றேன். எனக்கு எதுவும் ஒத்துக்கல. மருந்து மேல குத்தம் இல்ல, எல்லாருக்கும் கேக்குதாமே. என் உடம்புதான் அப்படி. வெந்துபோன உடம்பு... அவரா? அவருக்குச் சுவரு இருக்கு."

சிவப்புப் பை ஒன்று மாடியிலிருந்து இறங்கி முன்னறைப் பலகைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. துணிகளைத் தானே தனியாக மடித்து வைத்திருந்தாள். எப்போது திரும்புவாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

மறுநாள் காலை லாட்ஜிலிருந்து அறை சுத்தம் பார்க்கிற அம்மா ஒரு விரிப்போடு வந்தாள். குரல் தெருமுனைவரைக்கும் கேட்கிற ஆள்.

"பெரியவரே, இது என்ன? புதுசாக் கல்யாணமான ஜோடி வந்து படுத்திருக்கு. விரிப்புல என்னமோ பளபளன்னு ஒட்டிக்கிட்டிருக்காம். அருவருப்பாப் போச்சுன்னு ரூம மாத்திட்டாங்க."

"உங்க லாட்ஜுல படுத்தவன் எவனாவது பிளாஸ்திரி ஒட்டியிருப்பான்."

"இஸ்திரி போட்டு இறுகியிருக்கு பாருங்க. இது இங்க வந்த பிறகு ஒட்டினது."

வாங்கிப் பார்த்தார். ஓரத்தில், கண்ணாடித்தாள் போல ஒரு துண்டு, சூட்டில் சுருங்கித் துணியோடு சேர்ந்திருந்தது. வேறு விரிப்பு கொடுத்து அந்த அம்மாவை அனுப்பிவிட்டு, நகத்தால் சுரண்டினார். கட்டைவிரலால் மறைத்துவிடலாம். அவர் கை நின்றது.

இஸ்திரி மேசைக்குப் போனார். அவள் நிற்கிற பக்கம் போய் நின்றார். அத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் நின்று அவர் வேலை செய்ததில்லை. விரிப்பை மேசைமேல் இழுத்துப் பரப்ப வேண்டுமானால் குட்டையான ஆள் வயிற்றை மேசை விளிம்பில் அழுத்திச் சாய்ந்தால்தான் எட்டும். அவள் குட்டை. விளிம்பில் இழுத்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைத் தடவிக்கொண்டே போனார். அடிப்பக்கம் மடங்கின இடத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நூலும் தூசும் படிந்து பழுப்பேறி.

வேலை செய்துகொண்டிருந்த ஒட்டுதான் அது. தூங்கினாளே, போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துக்கொண்டு, அது இந்த ஒட்டால்தான். சூடு தணிந்து மேசைக்கு வந்தாள். மேசைக்கு வந்ததால் அது உரசிக் கழன்றது. வியர்வையும் ஆவியும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

சொல்ல வேண்டியதுதான். ஆனால் சொன்னால் டாக்டர் என்ன சொல்வாள்? மேசைப் பக்கமே போகாதே என்பாள். சொல்லாவிட்டால் சிவப்புப் பை மலைக்குப் போகும். எப்படியும் எதிர்ப்பக்கம் காலிதான். சொல்வதில் கூடுதலாக ஒரு நஷ்டம் வேறு இருந்தது: இத்தனை நாள் பஞ்சர் ஒட்டு, பஞ்சர் ஒட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்த வாயைத் தானே மூட வேண்டும்.

அந்த ஒட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானம்வரைக்கும் வேலை பார்த்தார். சட்டைப் பையில் எதையோ வைத்துக்கொண்டு மறந்துபோகிற ஆட்களைத் திட்டுகிறவர், அன்று நிமிஷத்துக்கு ஒருதரம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முன்னறையை எட்டிப் பார்த்தபோது அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பலகைமேல் தலை சாய்த்திருந்தாள். விசிறிக் காற்றில் நரைமுடி ஆடியது. 'என் உடம்புதான் அப்படி' என்று தங்கச்சியிடம் சொன்னாளே, அதுதான் அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. போகட்டும். ஆனால் உடம்புமேல் பழி போட்டுக்கொண்டு போகக்கூடாது. அவள் உடம்புமேல் ஒரு குற்றமும் இல்லை. தப்பு மேசைமேல்.

ஜன்னலில் ஆறியிருந்த தேநீரை எடுத்துக்கொண்டு போனார். இதுவரைக்கும் அவர் கையால் நீட்டினதில்லை. அவள் டம்ளரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள்.

சட்டைப் பையிலிருந்து ஒட்டை எடுத்துப் பலகைமேல் வைத்தார். "இது உன்னுதா?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "என்னுதுதான். எங்க கிடந்துச்சு?"

"ஒண்ணு லாட்ஜ் விரிப்புல. ஒண்ணு மேசைக்கு அடியில. விழுந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மாத்தற நாளுக்குப் பாத்தா இருக்காது. விழுந்தா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்."

"எப்படி நெனச்ச?"

"நம்ம கறைத்தாள் மாதிரி."

துணியில் கறை உள்ள இடத்துக்குப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சின்னத் தாளை ஒட்டிவைப்பது அந்தக் கடை வழக்கம். அந்த இடத்தை முதலில் தேய்த்துவிட்டுத்தான் தொட்டியில் போடுவார்கள். தண்ணீரில் ஊறித் தாள் தானாக உதிரும். உதிர்ந்தால் அந்தக் கறைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று பொருள். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். கல்யாணமான முதல் வாரத்தில். அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வழியிலேயே திரும்பியும் போயிற்று.

"அடுத்தத ஒட்டற நாள் வரைக்கும் சும்மாவா இருந்த?"

"ஆமா. மருந்துதான் உள்ள போயிடுச்சேன்னு. வேர்வைக்காக ஒட்டற இடத்துல பவுடர் வேற போட்டுக்குவேன்." ஒட்டில் படிந்த நூலை நகத்தால் எடுத்தாள். "அப்ப, ஒட்டு வேலை செஞ்சிருக்கு."

"அப்படி நான் சொல்லல."

"வேற என்ன சொல்றீங்க?"

"விழுந்து கிடந்துச்சுன்னு சொல்றேன். உன் உடம்பு சரியாத்தான் இருக்குன்னு சொல்றேன். அவ்வளவுதான்."

அவள் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட நீங்களும் வாங்க," என்றாள்.

டாக்டர் அவர் மகளைவிடச் சின்னவளாக இருந்தாள். மடிப்புக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவள் வெள்ளைக் கோட்டின் கழுத்துப்பட்டையைத்தான் முதலில் பார்த்தார். இஸ்திரி மோசம்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் சிரிக்கவில்லை. அது ஒன்று அவருக்குப் பிடித்தது.

"விழுந்தா அப்பவே புதுசு ஒட்டிடணும்மா. மாத்தற நாள் அது பாட்டுக்கு இருக்கட்டும். பவுடர், எண்ணெய் எதுவும் கூடாது. தோல் நல்லா காஞ்சிருக்கணும். உள்ளங்கையால கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க. வயித்துல வேண்டாம், இடுப்புக்குக் கீழ பின்பக்கமா, துணி உரசாத இடத்துல ஒட்டுங்க. இடத்தையும் மாத்தி மாத்தி. இதுக்கும் நிக்கலன்னா சொல்லுங்க, கையில தடவற ஜெல் இருக்கு."

"தடவறதுமா?" என்றார் மடிப்புக்காரர்.

"ஐயாவுக்கு நம்பிக்கை இல்ல போல."

"ஒட்டிக்கிட்டே எத்தன நாளைக்கும்மா இருக்கறது?"

"வருஷத்துக்கு ஒரு தடவ உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம். வேணும்னா தொடரலாம், வேண்டாம்னா நிறுத்தலாம்."

"கல்யாணத்துக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் டாக்டர்," என்றாள் அவர் மனைவி. இப்போது டாக்டர் சிரித்தாள்.

பிறகு அவர் பயந்தது வந்தது. ஒட்டின இடத்தில் நேரடியாகச் சூடு படக்கூடாது, இஸ்திரி மேசையும் பாய்லரும் கொஞ்ச காலம் வேண்டாம் என்றாள். பருத்தித் துணி, ஒன்றன்மேல் ஒன்றாக, கழற்ற வசதியாக. கையெட்டும் இடத்தில் குளிர்ந்த தண்ணீர். திடீரென்று ரத்தம் பட்டாலோ, கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ தாமதிக்காமல் வர வேண்டும். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அவர் மனம் மட்டும் மேசை வேண்டாம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் தெருவோர மரத்தடியில் அவளுக்குச் சூடு வந்தது. நின்றாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தோளிலிருந்த துண்டை எடுத்து விசிறினார். போகிறவர்கள் பார்த்தார்கள். விசிறிக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சிகிட்ட என்ன சொல்லப் போற?" என்றார், அடங்கின பிறகு.

"இந்த டப்பா தீர்ற வரைக்கும் பாக்கறேன்னு சொல்வேன். ஒட்டு நின்னா இங்க. இல்லன்னா அங்க."

"பை?"

"பை அங்கயே இருக்கட்டும்."

இருந்தது. தினமும் பலகைக்குக் கீழே சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அவர் கிளிப்போடு விரிப்பை மடித்தார். சுவரிடம் போனார், வந்தார். டப்பாவில் எத்தனை மீதி என்று எட்டிப் பார்க்க ஆசைதான், பார்க்கவில்லை. மாடியில் போர்வைச் சத்தம் குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது.

ஒரு காலை அவள் இஸ்திரி அறை வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"மேசைக்குத்தானே வரக்கூடாதுன்னாங்க. விரிப்பு மடிக்க மேசை எதுக்கு? வெளிய எடுத்துட்டு வாங்க. கடை வாசல்ல மடிக்கலாம்."

"பெட்டி போட்ட சூட்டோட மடிச்சாத்தான் மடிப்பு நிக்கும். வெளிய கொண்டு வர்றதுக்குள்ள ஆறிப்போகும்."

"ஆறட்டும்."

"ஆறுனா மடிப்பு..."

"லாட்ஜுல படுக்கறவன் மடிப்பயா தடவிப் பாக்கப் போறான்? நீங்க வேணும்னா சுவரோட கத்தி மாதிரி மடிங்க. என்னோட மடிச்சா இப்படித்தான்."

அவர் கையிலிருந்த விரிப்பைப் பார்த்தார். அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அடுக்கோடு அதையும் தோளில் போட்டுக்கொண்டு முன்னறை வழியாக, சிவப்புப் பையைத் தாண்டி வாசலுக்கு வந்தார்.

வெயில் ஏறாத நேரம். தெருவில் காற்று இருந்தது. அந்தக் காற்றிலேயே துணி சில்லிட்டுப் போயிற்று. உதறினார்கள். பட்டென்ற சத்தத்துக்குத் தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, தெருவ மறிச்சு வேல நடக்குது?"

"சுத்திக்கிட்டுப் போ."

அவள் முனையோடு வந்தாள், கொடுத்தாள், குனிந்தாள், போனாள். மூன்றாவது விரிப்பில் பாதி வழியில் நின்றாள். கழுத்தில் சிவப்பு ஏறுவது அவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. விரிப்பைத் தரையில் விடப்போகிறாள் என்று நினைத்தார். விடவில்லை. இரண்டு முனையையும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். மறுமுனையைப் பிடித்தபடி அவரும் நின்றார். இழுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. நடுவில் துணி காற்றில் உப்பி அடங்கியது. ஒரு சைக்கிள் மணி அடித்துக் காத்திருந்து, பிறகு ஓரமாகப் போயிற்று.

"போயிடுச்சு," என்றாள் கண்ணைத் திறந்து. "முன்ன மாதிரி இல்ல. வந்துச்சு, போயிடுச்சு."

நடந்து வந்து முனையை அவர் கையில் வைத்தாள். அவள் விரல்கள் சுட்டன. ஆறிப்போன துணியில் அவள் பிடித்திருந்த இடம் மட்டும் கதகதப்பாக இருந்தது.

"ஒட்டு நிக்குதுங்க. இந்தத் தடவ ஒண்ணுகூட விழல."

"காத்து அடிக்குது. அதான்."

"சரி, காத்துதான். அந்தச் சுவத்துக் கிளிப்ப இன்னிக்குப் புடுங்கிடுங்க."

அவர் மடித்த விரிப்பை உயர்த்தி ஓரத்தைப் பார்த்தார். மடிப்பு மொண்ணையாக இருந்தது. தன் கடையிலிருந்து இப்படி ஒன்று போனதில்லை. அதை மற்றதன்மேல் வைத்து, அடுக்கைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கண் ஒருதரம் பலகைக்குக் கீழே போய்த் திரும்பியது.

"பையும் அங்கதான் இருக்கு, கிளிப்பும் இருக்கட்டும்," என்றார். "டப்பா தீரட்டும், பாக்கலாம்."

சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். பின்னால் அவள் அடுத்த விரிப்பை எடுத்து உதறத் தயாராகிற சத்தம் கேட்டது. ஒரு ஆளாக உதறினால் அந்தச் சத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். அவர் அடுக்கை இறக்கி வைப்பதற்காகத்தான் போனார். போகும்போது, காத்துதான், வேற ஒண்ணும் இல்ல என்று சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே போனார்.